கட்டாரியைப் பிடியிலிருந்து படி

தாராசுரத்துத் தம்பிக்கு,

பழைய போர்க்கத்தி கைக்கு வந்ததும் எல்லோரும் அலகைத்தான் முதலில் பார்ப்பார்கள். தஞ்சைக் கட்டாரியில் நீ பிடியிலிருந்து தொடங்கு. புறங்கையை மூடும் பாய் போன்ற தகடு, அதன் உச்சியில் யாளித் தலை, உள்ளங்கையில் அடங்கும் இரட்டைக் குறுக்குக்கம்பி, இருபுறமும் நீளும் சட்டங்கள்: ஊரையும் காலத்தையும் சொல்பவை இவைதான். அலகு பல கட்டாரிகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்நிய வாள் அலகை வெட்டி, பிடியிலிருந்து இறங்கும் இரும்புப் பட்டைகளுக்கிடையே வைத்துத் தறையாணி அடித்தார்கள்.

அப்படியானால் இது வெறும் ஒட்டுவேலை, விலை தேறாது என்பார்கள். அந்த ஒட்டுதான் சாட்சி. உள்ளூரில் கட்டாரிக்கென்றே அடித்த அலகில் பள்ளக்கோடுகள் பெரும்பாலும் விளிம்போடு சேர்ந்து முனையை நோக்கிக் குவியும். வாளிலிருந்து வெட்டியதில் அவை நடுவே இணையாக ஓடி, பட்டைக்கு அடியில் போய் மறையும். தறையாணித் தலையும் பட்டையும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், துரு இரண்டுக்கும் பொதுவாகப் படர்ந்திருந்தால், அது பழைய இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். போலி செய்கிறவனுக்கும் இது தெரியும்தான். ஆனால் அமிலத்தில் நனைத்து வரவழைக்கும் துரு பட்டையின் உள்மடிப்பு வரை சீராகப் போவது அரிது. அதனால்தான் உப்புத்தாளால் தேய்க்காதே என்கிறேன். பளபளப்பு வரும், சாட்சி போய்விடும். லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

ஆவணம் இல்லாத பொருளை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி இறந்து ஊர் ஆங்கிலேயரிடம் போனபின், அரண்மனை ஆயுதங்களில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. இதை வால்ஹவுஸ் என்பவர் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் பதிவு செய்தார். தப்பியவற்றில் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே ஆவணம் இல்லாதது சந்தேகத்துக்குக் காரணமாகாது. ‘அரண்மனைச் சொத்து’ என்று பளிச்சென்று ஒரு காகிதம் கூடவே வந்தால்தான் சந்தேகப்படு.

சோழர் கத்தி, ஐராவதேசுவரர் கோயில் சிற்பத்தில் இருக்கிறது பார் என்று சொல்லி விற்பவரையும் நம்பாதே. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய உங்கள் ஊர்க் கோயில் அது. கல்லிலுள்ள வடிவம் கையிலுள்ள இரும்புக்கு வயது சொல்லாது. முதலில் எழும்பூரில் பிடிகளை வரைந்து பழகு. வாங்கும்போது ரசீது கேள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்டப் பட்டியலில் வரும். உரிமம் வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள். 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது.