வஸ்வாஸும் மனநல மருத்துவரிடம் முதல் நாளும்

ஒளுவில் உறுப்புகளை மும்மூன்று முறை கழுவுவது சுன்னத்து. அதற்கு மேல் போவது வரம்பு மீறுவதாகும். இது மக்தபில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடம். இருந்தும் நம் இல்லங்களில் சிலர், முழங்கை நனைந்ததா இல்லையா என்ற ஐயத்திலேயே அரைமணி நேரம் குழாயடியில் நிற்கிறார்கள். நிய்யத்து சரியாக அமையவில்லை என்று, கட்டிய தக்பீரை அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறார்கள். வக்து தப்பிப் போகிறது, கைத்தோல் வெடிக்கிறது. வீட்டார் முதலில் "பேணுதலான பிள்ளை" என்று மெச்சுகிறார்கள். பிறகு ஏசுகிறார்கள். அதற்கும் பிறகு ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறார்கள்.

இதை நாம் வஸ்வாஸ் என்கிறோம். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது, ஆகவே சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே என்று மார்க்க அறிஞர்கள் சட்டம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் தெளிந்துவிடுகிறவர்களுக்கு மருத்துவம் தேவையில்லை. ஆனால் சட்டம் தெரிந்தும், இது வெறும் ஐயம்தான் என்று தம் வாயாலேயே சொல்லியும், குழாயை மூட முடியாமல் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஈமானின் குறையன்று, நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று இதற்குப் பெயர். ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் பற்றி எழுதிய நூலில், மனத்தை விடாது அரிக்கும் வஸ்வாஸுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறார். ஆகவே மருத்துவரிடம் போவது நமக்குப் புதிய வழியன்று.

எனினும் அந்த வாசல்படியை மிதிக்க நம் மக்கள் அஞ்சுகிறார்கள். கட்டிப் போடுவார்களாம், ஷாக் வைப்பார்களாம், தொழுகையை விடச் சொல்வார்களாம்! சங்கிலியைப் பற்றிப் பேசுவதானால், 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்களே, அது மருத்துவமனையில் நடந்ததன்று. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. நோயாளியைப் பற்றிய விவரங்களை இரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

முதல் நாளில் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கூட்டம் இருக்கும். டாக்டருக்கு நேரம் குறைவு. ஆகவே எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை மணி நேரம் போகிறது, தூக்கமும் பசியும் எப்படி, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், இரத்த உறவில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ஓதிப் பார்த்ததையும் மறைக்க வேண்டாம். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும். சில சமயம் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். தைராய்டு கோளாறும் மனத்தை வாட்டும்.

பெண்ணாக இருந்தால் உம்மாவோ கணவரோ கூடப் போகட்டும்; பெண் டாக்டர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் நர்ஸ் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். ஆனால் சற்று நேரம் வீட்டார் வெளியே இருங்கள் என்று டாக்டர் சொன்னால் மாமியார்மார்கள் மனம் கோணக் கூடாது. காரணம் இருக்கிறது. இந்நோய் உள்ளவர்களில் பலருக்குக் குழாயடியில் தெரிவது பாதிதான். தொழுகையில் நிற்கும்போதே அல்லாஹ்வைப் பற்றியும் ரஸூலைப் பற்றியும் நாவால் சொல்லத் தகாத எண்ணங்கள் வந்து மோதும். காஃபிராகிவிட்டோமோ என்று நடுங்கி, அதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் புழுங்குகிறார்கள். இத்தகைய எண்ணங்களைப் பற்றி ஸஹாபாக்களே நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதும், அதை வெறுத்து அஞ்சுவதே ஈமானின் அடையாளம் என்று அவர்கள் தேற்றியதும் முஸ்லிம் ஷரீஃபில் வந்திருக்கிறது. டாக்டருக்கோ அது அன்றாடம் கேட்கும் நோய்க்குறி. எண்ணத்தின் சொற்களை அப்படியே சொல்லத் தேவையில்லை. இன்ன வகை எண்ணம் வருகிறது என்றால் போதும்.

இன்னொரு கேள்வியும் வரும். செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று டாக்டர் நேராகவே கேட்பார். ஹராமானதை எப்படி வாயால் சொல்வது என்று நம்மவர்கள் "இல்லை" என்றுவிடுகிறார்கள். எண்ணம் வந்தது வேறு, செய்வது வேறு. கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. உண்மையைச் சொன்னால்தான் காப்பாற்ற வழி பிறக்கும். மருத்துவமனை நாள்வரை பொறுக்க முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இது கட்டணமின்றி நடந்துவருகிறது.

மாத்திரை எழுதினால், ஒரே வாரத்தில் குணமில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. இந்நோய்க்கு அது முழுப் பலன் தர இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். பயிற்சி முறையும் உண்டு. தொழுகையை விடச் சொல்வதன்று அது. மூன்று முறை கழுவியதும் குழாயை மூடிவிட்டு, மனம் பதறினாலும் திரும்பிப் போகாமல் தாங்கிப் பழகுவது. சட்டத்தின் எல்லையும் சிகிச்சையின் எல்லையும் இங்கே ஒன்றாகவே நிற்பதைக் கவனியுங்கள். வீட்டாருக்கும் இதில் வேலை உண்டு. "சரியாகக் கழுவினேனா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்று பதில் சொல்வது இரக்கமாகத் தோன்றும், உண்மையில் அது நோய்க்குத் தீனி. ஹஜ்ரத்திடம் மஸ்அலாவை ஒருமுறை கேட்டால் போதும். அதையே பத்துமுறை கேட்க வேண்டாம்.

ரமளான் நெருங்கினால் முதல் சந்திப்பிலேயே நோன்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாளுக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரையைச் சஹருக்கோ நோன்பு திறந்த பின்போ மாற்றிக் கொடுப்பார்கள். வேறு மனநோய்களுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீரின்றி இருந்தால் அது உடம்பில் மிகுந்து ஆபத்தாகும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்கலாகாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இவர்களுக்கும் உரியதே.