ஊர்த் தோட்டமும் தொழிலாளர் உணவும்

ஏரிப் பாசனமும் நெல் சாகுபடியுமே செல்வமாயிருந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம், கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் பெருந்தொழில் நிலமாக மாறிவிட்டதை நாம் அறிவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும், ஒரகடத்தில் 2010-இலும் கார் உற்பத்தி தொடங்கிற்று. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டு 17-இல் திறந்து வைக்கப்பட்டது. நம் வயல்களுக்கு அருகிலேயே வாழும் இவர்கள் உண்ணும் காய்கறி எங்கு விளைந்தது என்பதை ஆராய்வோமாக.

கணக்கும் வழியும்

ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ காய்கறி என்று வைத்துக்கொண்டாலும், அவ்விடுதி நிறைந்திருக்கும் நாளில் 4,680 கிலோ தேவைப்படும். அதில் பத்தில் ஒரு பங்கை நாம் அளித்தால் 468 கிலோ. ஆனால் நம் கத்தரிக்காய் விடியுமுன் கோயம்பேட்டுக்கு வண்டியேறுகிறது. இவ்வட்டாரத்துக் கடைகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் வேண்டிய காய் அதே சந்தையிலிருந்து திரும்பி வருகிறது. இரு வழி வண்டிக்கூலியும் தரகும் விளைவிப்பவர் வருவாயிலிருந்தும் உண்பவர் செலவிலிருந்தும் கழிகின்றன.

நேர்மையான உணவு

2021 டிசம்பரில் இவ்வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அருகில் விளைந்த காய் ஒன்றே இத்தகைய தீங்கைத் தடுக்கும் என்று நாம் கூற மாட்டோம். சமையற்கூடத்தின் தூய்மையும் குடிநீரின் தூய்மையும் முதற்கண் வேண்டும். எனினும், பிறர் உணவுக்கு நாமும் பொறுப்புடையோம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. விளைவிப்பவருக்கு நியாயமான விலையும், உண்பவருக்குத் தீங்கற்ற காயும், நிலத்திற்கு நலிவின்மையும் கிடைக்கும்போதே உணவு நேர்மையுடையதாகும்.

‘இயற்கைக் காய்’ எது?

இரசாயன உரம் இடாமை மட்டும் போதாது. ஆலைக் கழிவோ சாக்கடையோ கலந்த ஏரி நீரில் விளைந்த கீரையை இயற்கைக் கீரை என்று விற்பது உண்பவரை ஏமாற்றுவதாகும். ஆகவே மண்ணையும் நீரையும் முதலில் பரிசோதித்தல் வேண்டும். மாறிய முதற் பருவங்களில் மகசூல் குறையக்கூடும். ஆதலின் நிலம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றாமல், பத்து சென்ட் கீரைப் பாத்தியிலிருந்து தொடங்குவது நலம். முளைக்கீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும்; விரைவில் வாடும் பொருளாதலின், அருகில் விற்பவருக்கே அதில் ஆதாயம் மிகுதி. பூச்சிகளுக்கு, ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

சான்று பெற விரும்புவோருக்குத் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை உண்டு. தனியே செலவு செய்ய இயலாத சிறு விவசாயிகள், குறைந்தது ஐவர் கூடி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் பி.ஜி.எஸ். முறையில் சேரலாம். இங்கே அண்டை வீட்டாரின் கண்ணே காவல். சான்று பெறும்வரை, இன்னது இட்டோம், இன்னது இடவில்லை என்று உள்ளபடி சொல்லி விற்பதே முறை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

அடுத்த கிராம சபையில் மூன்று காரியங்களை முன்வைக்கலாம். முதலாவது, காய்கறி பயிரிடுவோர் பட்டியலையும் வாரந்தோறும் கிடைக்கும் அளவையும் தயாரித்தல். இரண்டாவது, மாலைப்பணி முடிந்து தொழிலாளர் திரும்பும் வழியில், மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில், வாரம் இருமுறை விற்பனைக்கு இடம் ஒதுக்குதல். மூன்றாவது, ஊராருடன் அளவும் விலையும் பேசி முடித்த பின், விடுதிச் சமையற்கூடப் பொறுப்பாளரை நேரில் கண்டு ஒப்பந்தம் கோருதல். சொன்ன நாளில் சொன்ன அளவு கொடுக்க இயலாதெனில் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். ஒருமுறை தவறினால் அக்கதவு மீண்டும் திறப்பது அரிது.

நிலத்தை மனைகளாக விற்கும் எண்ணம் ஊர்தோறும் பரவிவரும் காலம் இது. வாசலிலேயே வாங்குவோர் இருக்கின்றனர் என்பதைப் பத்து சென்ட் பாத்தி மெய்ப்பித்தால், மீதி நிலத்தைக் காக்க விவசாயிக்கு ஒரு காரணம் கிடைக்கும். அக்காரணத்தை உண்டாக்குவது பஞ்சாயத்தின் கடமை. அதற்கு ஆவன செய்வோமாக.