கட்டடத்துக்கு ஒரு பணம், சம்பளத்துக்கு வேறு பணம்

கேள்வி: வளர்ந்துவரும் ஊரில் தாலுகா அரசு மருத்துவமனையை விரிவாக்க, நகராட்சி சொத்து வரியை உயர்த்தினால் போதாதா?

பதில்: தமிழ்நாட்டில் தாலுகா மருத்துவமனைகளை நடத்துவது நகராட்சி அல்ல, மாநில அரசின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். நகராட்சியின் பங்கு பெரும்பாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நின்றுவிடும். ஆகவே சொத்து வரி இதற்குரிய வழியல்ல.

கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது ஓரளவு எளிது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஸ்கேன் கருவி, டயாலிசிஸ் இயந்திரம் கேட்க ஏற்ற இடம் அதுதான்.

சிக்கல் திறப்பு விழாவுக்குப் பிறகு. கல்வெட்டு பளபளக்கும், மயக்க மருந்து மருத்துவர் இல்லாததால் அறுவை அரங்கு பூட்டிக் கிடக்கும். தொகுதி நிதியில் சம்பளம் கொடுக்க விதி இடம் தராது. நன்கொடையாளர் யாரும் ஜெனரேட்டர் டீசலுக்குப் பணம் தர முன்வருவதில்லை (டீசல் டேங்கில் பெயர் பொறிக்க முடியாதே!). முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் தொகை ஓரளவு கைகொடுக்கும். ஆனால் மருத்துவர், செவிலியர் பணியிடங்களுக்கு மாநில பட்ஜெட்டே கதி. அதற்கான அரசாணையை வாங்கிய பிறகே அடிக்கல் நாட்டுவது முறை.