பலகையும் குகையும்

சீனாவின் ஷான்ஸி மாநிலத்தில், சீயான் நகருக்குக் கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் எழுந்து நிற்கிறது ஹுவா மலை. அதன் ஐந்து சிகரங்களுள் உயர்ந்தது தெற்குச் சிகரம். உயரம் சுமார் 2,155 மீட்டர். சாகசப் பயணிகள் அங்கே நாடிச் செல்வது ஒரு பலகைப் பாதையை. செங்குத்துப் பாறையில் அறையப்பட்ட முளைகளின்மேல், ஒரு முழத்திற்கும் குறைந்த அகலத்தில் பலகைகள் கிடக்கின்றன. ஒருபுறம் பாறையோடு பிணைத்த சங்கிலி, மறுபுறம் வெட்டவெளி. இன்று பயணியின் உடலில் வார் பூட்டி, அதன் கொக்கியைப் பாறையோரக் கம்பியில் மாட்டியே அனுப்புகிறார்கள்.

அப்பலகையில் கால் வைத்ததும் மனம் வியக்கத்தக்க வகையில் ஒடுங்கிவிடுகிறது. வீட்டுக் கவலையும் அலுவலகப் பூசலும் தலைகாட்டுவதில்லை. அடுத்த அடி, அடுத்த கொக்கி, அவ்வளவே உலகம். இதைத் தியானம் எனலாமா? இயலாது. இது அச்சம் கடனாகத் தந்த ஒருமுனைப்பாடு. கெட்டித் தரையில் கால் பட்டவுடன் கடன் திரும்பப் பெறப்படும். கவலைகள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். சாதகன் நாடுவதோ, அச்சுறுத்துவார் எவருமின்றித் தானே விரும்பி ஏற்கும் ஒருமுனைப்பாடு. தவறினால் விழப் பள்ளம் ஏதுமற்ற பாயில் அமர்ந்து மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, பலகையில் நடப்பதைவிடக் கடினம்.

உண்மையில் அப்பாதை சாகசத்திற்காக எழுந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டில், யுவான் வம்ச ஆட்சியில், ஹே ஜிஜென் என்ற தாவோ துறவி ஏகாந்தம் நாடி அமைத்தது என்பது மரபு. பாதையின் முடிவில் ஒரு குகை, அதற்கப்பால் வழியில்லை. வந்த பலகைமீதே திரும்ப வேண்டும். (படங்களில் பலகை ஏராளமாகக் காணக் கிடைக்கிறது, குகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.)

அத்துறவி ஏன் அவ்வளவு அபாயமான இடத்தைத் தேர்ந்தார்? அவர் ஒரு குகையைக் குடைந்து முடிக்கும்போதெல்லாம் வேறொரு சாதகர் வந்து கேட்பாராம்; கொடுத்துவிட்டு அடுத்த பாறைக்கு நகர்வாராம். இவ்வாறு எழுபதுக்கும் மேற்பட்ட குகைகள். உடனுழைத்த சீடர் இருவருக்குப் பொறுமை போயிற்று. குருநாதர் பாறையில் தொங்கிக் குடைந்துகொண்டிருந்தபோது கயிற்றை அறுத்துவிட்டு மலையிறங்கி ஓடினர். அடிவாரத்தை நெருங்கியபோது, அவரே எதிரில் மேலேறி வந்துகொண்டிருந்தாராம்! சீடர்கள் நாணி, அவருடன் மீண்டும் மலையேறினர்.

அவ்விடத்துப் பாறைக்கு 'மனம் திரும்பிய கல்' என்று பெயர். பள்ளத்தாக்கிலிருந்து நடந்து ஏறுவோர், செங்குத்தான படிகள் தொடங்குமுன் அதைக் காண்கின்றனர். கம்பிவட ஊர்தியில் செல்வோருக்கு அது கிட்டுவதில்லை.