ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் அல்ல

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வந்த ஒரு தாய், தம் எட்டு வயது மகளின் வாயைத் திறந்து காட்டினார். கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உதிர்ந்திருந்தது. வலியால் பிள்ளை பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை. "பால்பல்தானே பாய், விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம்" என்றார் அந்தத் தாய்.

அது பால்பல் அல்ல. அது போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. இந்தத் தவறு நம் வீடுகள் பலவற்றில் நடப்பதால் இதை எழுதுகிறேன்.

எது நிலையான பல்?

பால்பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், மேலும் கீழும் இரு பக்கமும் நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் வருகின்றன. எந்தப் பல்லும் விழாமலேயே இவை முளைப்பதால் பெற்றோர் கவனிப்பதில்லை. ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பற்கள் இவை.

எனாமலில் குறை

பல்லை மூடியிருக்கும் எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் உடைந்தால் மீண்டும் வளராது. இந்தக் கடைவாய்ப்பல்லின் எனாமல், குழந்தை பிறக்கும் சமயத்தில் உருவாகத் தொடங்கி மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அக்காலத்தில் ஏற்பட்ட பாதிப்பு, ஆறு வயதில் பல் முளைக்கும்போதுதான் வெளியே தெரியும்.

சில பிள்ளைகளுக்கு இந்தக் கடைவாய்ப்பற்களிலும், சிலசமயம் முன்பற்களிலும், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுகள் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரும். இதற்குத் தாயைக் குறை சொல்வது அநியாயம். சிறு வயதில் வந்த நோய்கள் உட்படப் பல காரணங்கள் இதில் சேரக்கூடும்.

தண்ணீரால் வரும் குறை வேறு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் 1937இலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். நம் மாநிலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களை இது வாட்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் புளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரே தெருவில் பல பிள்ளைகளுக்குப் பற்களில் ஒரே மாதிரிக் கறை இருந்தால், போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் சோதித்துப் பாருங்கள்.

சொத்தை எப்படி வருகிறது?

புழு எதுவும் பல்லைத் தின்பதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். தூங்கும் குழந்தையின் வாயில் பால் பாட்டில், மணிக்கொரு பிஸ்கட், படுக்கும் முன் சர்க்கரை டீ ஆகியவைதான் பெரும் கேடு. ஏற்கெனவே எனாமல் குறைந்த பல் இதில் சீக்கிரம் போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. காலையும் இரவும் புளோரைடு பேஸ்ட்டால் துலக்குங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும்.

2. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செல்போன் டார்ச் அடித்துப் பிள்ளையின் கடைவாயைப் பாருங்கள்.

3. திட்டோ கூச்சமோ தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புளோரைடு பூச்சு, பள்ளங்களை அடைத்தல், உறை போடுதல் என்று வழிகள் உண்டு. பிடுங்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள்.

4. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழு, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் பல்லையும் பார்க்கிறது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நீங்கள்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

மிஸ்வாக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நம் பிள்ளைகள் மக்தபில் மனப்பாடம் செய்கிறார்கள். அதே பிள்ளைகள் இரவில் பல் துலக்காமல் தூங்குகிறார்கள். பாடம் வீட்டுக்கு வரவில்லை என்றால் பொறுப்பு நம்முடையது. பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சிறுமியின் பல்லைப் பிடுங்காமலே மருத்துவர் காப்பாற்றிவிட்டார். இன்று இரவு உங்கள் பிள்ளையின் வாயை ஒருமுறை பாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்