நிறுத்தி ஏறப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 57. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மும்முரமாக நடந்த 1990களின் தொடக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவள். ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. அடுத்த மாதம் புதுச்சேரி போகிறோம். அங்கே வழிகாட்டியோடு குழுவாகச் சைக்கிளில் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்கிறாள் மகள். சின்னஞ்சிறுசுகளுக்கு என்னால் ஈடுகொடுக்க முடியுமா? என்னால் மற்றவர்களுக்குத் தாமதமானால் சங்கடம்தானே?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. இந்த மாதிரி உலாவில் யாரும் வேகமாகப் போவதில்லை. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் போனாலே அதிகம். புதுச்சேரி நகரத்துக்குள் மேடும் கிடையாது. பாதி நேரம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கதை கேட்பதிலேயே போய்விடும்.

கேட்கவும் விஷயம் இருக்கிறது. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய ஊரை, பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டிலேயே திரும்பக் கட்டினார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயரமான மதிலும் பெரிய கதவுமாக வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் நிற்கும். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வைசியாள் வீதிக்கு வந்தால், திண்ணையும் மரத்தூண் தாங்கும் தாழ்வாரமும் தெருவுக்கே வந்துவிடும். அங்கே தலையை நிமிர்த்திப் பாருங்கள். கீழ்த்தளம் தமிழ் வீடாகவும், மாடி வளைவு ஜன்னல்களோடு பிரெஞ்சு பாணியிலும் இருக்கும் வீடுகள் உண்டு. காரில் போனால் இது கண்ணில் படாது.

இப்படி நின்று நின்று போவதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. வண்டி ஓடும்போது விழுகிறவர்கள் குறைவு. நிறுத்தும்போதும் மறுபடி கிளம்பும்போதும்தான் தடுமாறுவார்கள். அதனால் தூரம் ஓட்டிப் பழக வேண்டாம். வாரத்தில் சில நாள் விடியற்காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போய், பத்து மிதி மிதித்து, பிரேக் பிடித்து, காலை ஊன்றி, மறுபடி கிளம்புங்கள். அது கை வந்ததும், வண்டி கோணாமல் வலது தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்க்கப் பழகுங்கள். வலது பக்கம் திரும்பும் முன் இது அவசியம்.

சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் படுகிற அளவுக்குச் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். நெடுந்தூரம் ஓட்ட இந்த உயரம் முழங்காலுக்கு ஆகாது. இந்தச் சிறு உலாவுக்கு இதுதான் தைரியம் தரும். செயின் கவர் போட்ட லேடீஸ் சைக்கிளாகக் கேளுங்கள். சுடிதார் போட்டால் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

தாமதம் பற்றிய கவலைக்கு வருகிறேன். மெதுவாக ஓட்டுகிறவர்கள் கூச்சப்பட்டுக் கடைசிக்குப் போய்விடுவார்கள். அது கூடாது. முன்னால் போகிறவர் ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைத்துக் கூட்டும்போதும் வரிசையில் இடைவெளி விழுந்துகொண்டே வரும். அதை நிரப்ப வாலில் இருப்பவர்தான் எட்டி மிதிக்க வேண்டும். நீங்கள் வழிகாட்டிக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள். உங்கள் வேகத்தைப் பார்த்து அவர் தன் வேகத்தை வைத்துக்கொள்வார், குழுவும் சிதறாது.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? கடைசியில் ஒருவர் காவலாக வருவாரா? எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? கடைகள் திறந்து, நேரு வீதியில் டூ-வீலர்கள் மொய்க்கும் முன்பே முடிகிற உலாவாக இருந்தால் நல்லது. பெரிய சாலையைக் கடக்க மனம் ஒப்பவில்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நல்ல வழிகாட்டி அங்கே எல்லோரையுமே இறங்கச் சொல்லிவிடுவார்.