நோகாத பாதம்

மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரைப் பராமரித்த தமியான் அடிகளார் (2009இல் புனிதரானவர்), 1884 மார்கழியில் கொதிநீரில் காலை வைத்தார். தோல் கொப்பளித்தது, நோவில்லை. நோய் தம்மையும் பற்றிவிட்டதென உணர்ந்தார்.

அன்பான வாசகர்களே, முழந்தாளிட்டுச் செபித்து எழும்போது கால் விறைப்பது நரம்பு அமுங்குவதால். சற்று நடந்தால் மாறும். மாறாத விறைப்பை வயதின் கோளாறென்று தள்ளிவிடுகிறோமே, அதுதான் தவறு. பாதங்கள் ஊசி குத்துவதுபோலிருந்தால் சலரோகமா எனச் சோதிப்பியுங்கள். உணர்வற்ற வெளிறிய தேமல் தொழுநோயாகலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், இன்று 6 அல்லது 12 மாத மருந்தில் அது குணமாகும். திடீரென உடம்பின் ஒருபக்கம் விறைத்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வீட்டில் சலரோகமுள்ள பெரியவர் இருந்தால், இரவுச் செபம் முடிந்ததும் அவர் பாதங்களை விளக்கடியில் பாருங்கள். முள் ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரியாது.